எம்டன் கதையை எந்தப் பக்கம் நின்று சொல்கிறோம்?

வருஷா வருஷம் செப்டம்பர் 22 வந்தால் எம்டன் கட்டுரைகளும் வீடியோக்களும் வந்துவிடும். ஏறக்குறைய எல்லாம் ஒரே கதைதான்: துணிச்சலான ஜெர்மன் கேப்டன், அரை மணி நேரத் தாக்குதல், பயந்துபோன வெள்ளைக்காரன். கடைசியில், கில்லாடியான ஆளை "எம்டன்" என்று சொல்வது இதிலிருந்துதான் வந்தது என்று முடிப்பார்கள். தகவல்கள் பெரும்பாலும் சரி. ஆனால் கதை முழுக்கக் கப்பல் மேல்தட்டில் நின்றே சொல்லப்படுகிறது. குண்டு விழுந்த கரையில் யாரும் நிற்பதில்லை.

கரையில் நின்று பார்ப்போம். 1914 செப்டம்பர் 10 முதலே எம்டன் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. சில நாளில் கல்கத்தாவுக்குச் செய்தியும் போய்விட்டது. அப்படியும் 22ஆம் தேதி ராத்திரி, உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இரவு ஒன்பதரை வாக்கில் எம்டன் சுமார் 125 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் தீப்பிடித்து, சுமார் மூன்றரை லட்சம் கேலன் எண்ணெய் எரிந்தது. ராயபுரம் பக்கம் கிளைவ் பேட்டரி பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குறைந்தது 5 பேர் செத்துப்போனார்கள். உயர்நீதிமன்றச் சுவரில் இருக்கும் கல்வெட்டில் எம்டன் பெயர் இருக்கிறது. இறந்தவர்கள் பெயர் இல்லை.

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்துவது செண்பகராமன் பிள்ளை விஷயம். அவர் அந்தக் கப்பலில் வந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்று இன்னும் எழுதுகிறார்கள். எம்டன் 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. செண்பகராமன் அப்போது சுவிட்சர்லாந்தில், ஜூரிச் நகரில் இந்திய விடுதலைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். நடுக்கடலில் இருந்த கப்பலில் எப்படி ஏறுவார்? அவருடைய பெருமைக்கு இந்தக் கட்டுக்கதை தேவையே இல்லை. ஆனால் இது ஒரு காரியம் செய்கிறது: அவர் கப்பலில் இருந்தார் என்றதும் தாக்குதல் நம்முடையதாகிவிடுகிறது. அப்புறம் செத்த அஞ்சு பேரைப் பற்றி யார் கேட்பார்கள்?

அடுத்த தடவை ஆபத்து வானத்திலிருந்து வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. சென்னையில் ஏ.ஆர்.பி. வார்டன்கள், விளக்கணைப்பு, சங்கு எல்லாம் ஏற்பாடாகியிருந்தன. ஆனாலும் சில நாளிலேயே அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு நகர்ந்தன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. ஊரில் சொந்தமும் கையில் காசும் இருந்தவர்கள் ரயிலேறினார்கள். கோர்ட்டை மாற்றலாம், ஃபைல்களை மாற்றலாம். துறைமுகத்தை மாற்ற முடியுமா? அதை நம்பிப் பிழைப்பவர்களும் அதோடுதான் கிடக்க வேண்டும். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டதும் துறைமுகப் பகுதியில்தான்.

வான் பாதுகாப்பு என்றால் நாம் பீரங்கியையும் ஏவுகணையையும் மட்டுமே பேசுகிறோம். எதை எதன் பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பதும் பாதுகாப்புதான். இன்றைக்குத் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் உர ஆலையும் துறைமுகமும். சுற்றிலும் குடியிருப்புகள். மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015 முதல் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. 2020இல் பெய்ரூட் வெடித்த பிறகுதான் அது பெரிய செய்தியாகி, ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே வெடிக்க எதிரி விமானம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

2025 மே 7 அன்று நாடு முழுக்க நடந்த போர்க்கால ஒத்திகையில் சென்னைத் துறைமுகமும் இருந்தது. நல்ல விஷயம். ஆனால் சங்கு ஊதினால் தண்டையார்பேட்டைக்காரர் எந்தத் தெரு வழியாக, எங்கே ஓட வேண்டும்? எம்டன் பற்றி அடுத்து எழுதுகிறவர்கள் கேப்டனின் வீரத்துக்கு ஒரு பத்தி போதும் என்று வைத்துக்கொண்டு, மிச்ச இடத்தை இந்தக் கேள்விக்குக் கொடுக்கலாம்.