மின்சாரம் கேட்காத கீரை வாளி: மயிலாப்பூர் வெயிலில் ஒரு சோதனை

ஹைட்ரோபோனிக் என்ற சொல் சென்னைக்காரர் காதில் இப்போது பெரும்பாலும் விமான நிலையச் செய்தியாகத்தான் விழுகிறது. பாங்காக்கிலிருந்து வந்தவரின் பெட்டியில் உயர்ரக ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகு இந்தச் செய்திகள் பெருகிவிட்டன. 2023இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில், வாடகை வீட்டுக்குள் விளக்கு போட்டுக் கஞ்சா வளர்த்ததாக மருத்துவ மாணவர்கள் கைதானார்கள். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பால்கனித் தொட்டியில் ஒற்றைச் செடி வைத்தாலும் அது பயிரிட்டதுதான்.

இந்தச் செய்திகளால் ஒரு நல்ல விவசாய முறைக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது என்பது என் வருத்தம். மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்ப்பதற்கும் போதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பம்பு, மோட்டார், மின்சாரம் எதுவும் வேண்டாத அதன் மிக எளிய வடிவத்தை மயிலாப்பூர் அடுக்குமாடி ஒன்றின் கிழக்குப் பார்த்த பால்கனியிலும், அதன் மொட்டை மாடியிலும் வைத்து, மழைக்காலம், பனிக்காலம், கத்திரி வெயில் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தேன்.

இதை ஒழுங்குபடுத்தி உலகுக்குச் சொன்னவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆய்வாளர் பெர்னார்ட் கிராட்கி. அதனால் கிராட்கி முறை என்றே பெயர். அதற்கு வெகு முன்னால், 1946இல், வங்காளத்துக் காளிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் ஏழை நாட்டுக்கு ஏற்ற மலிவான மண்ணில்லா விவசாயத்தைச் சோதித்தார். வங்காள முறை என்று அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஆக, இந்தியாவுக்கு இது நேற்று வந்த விஷயமில்லை.

நான் சோதித்தவை இரண்டு. ஒன்று, இணையத்தில் விற்கும் நாலு குழி பிளாஸ்டிக் பெட்டி. மூடி, வலைக் கிண்ணங்கள், ஸ்பாஞ்ச் துண்டுகள், ஏ, பி என்று இரண்டு சத்துப்பொடிப் பொட்டலங்கள், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர், கொஞ்சம் லெட்டூஸ் விதை. இன்னொன்று, வெள்ளையடித்து மீந்த 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் மூடியில் ஓட்டை போட்டு நானே செய்தது. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே. வாளியில் சத்துக்கரைசலை நிரப்பி, நாற்று வைத்த வலைக் கிண்ணத்தின் அடி அதைத் தொடும்படி மூடியில் உட்கார வைக்க வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரக்காற்று நிற்கும்.

இந்தக் காற்று இடைவெளிதான் கருவியின் உயிர். மூன்றாவது வாரத்தில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஒரே செடிக்கு இரண்டு விதமான வேர் தெரியும். மேலே காற்றில் நிற்பவை குட்டையாக, பஞ்சு ஒட்டியதுபோலப் பூனைமயிர் அடர்ந்து இருக்கும். அவை மூச்சு வாங்கும் வேர்கள். கீழே தண்ணீரில் தொங்குபவை நீளமாக, வழவழப்பாக, கிளை குறைந்து இருக்கும். அவை குடிக்கும் வேர்கள். வாளி பாதி காலியானதைப் பார்த்து யாராவது இரக்கப்பட்டு விளிம்பு வரை நிரப்பிவிட்டால் மூச்சு வேர் மூழ்கும், இரண்டே நாளில் இலை துவளும். நிரப்புவதானால் பாதிக்கு மேல் போகக் கூடாது. லெட்டூஸ் போன்ற ஒரு சின்னச் செடிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் இருந்தால், நட்டதிலிருந்து அறுப்பது வரை மறுபடி நிரப்பவே வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

மேல் மாடி மாமி கேட்டார்: “மண்ணே இல்லாம வளர்ந்த கீரையில என்ன சத்து இருக்கும்?” எல்லார் மனசிலும் இருக்கும் கேள்விதான். செடி மண்ணைத் தின்பதில்லை. மண்ணில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் இரும்பையும் தண்ணீரோடு உறிஞ்சுகிறது. அதே உப்புகளைத்தான் நாம் நேரடியாகக் கரைத்து வைக்கிறோம். பொட்டலம் இரண்டாக வருவதற்கும் காரணம் உண்டு. கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உப்புகளோடு கெட்டியாகக் கலந்தால் சுண்ணாம்புபோல அடியில் படிந்துவிடும், வேருக்குக் கிடைக்காது. ஒன்றை முழு வாளித் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 மட்டும் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். அதில் கால்சியம் கிடையாது. இளம் இலையின் ஓரம் கருகும்.

சத்தைவிடப் பெரிய தலைவலி நம்ம ஊர்த் தண்ணீர். லெட்டூஸுக்குக் கரைசலின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1.2இலிருந்து 1.8 மில்லிசீமன்ஸ் வரை இருந்தால் போதும். எங்கள் போர் தண்ணீரில் சத்து எதுவும் போடாமலே மீட்டர் அதை நெருங்குகிறது. பிறகு உரத்துக்கு இடமேது? இந்த முறையில் தண்ணீரை மாற்றுவதில்லை என்பதால் செடிக்கு வேண்டாத சோடியம் அடியில் சேர்ந்துகொண்டே போகும். கடின நீரில் பிஎச் வேறு மேலே ஏறும். 5.5க்கும் 6.5க்கும் நடுவே நிற்க வேண்டியது 7.5ஐத் தாண்டினால் இரும்பு கிடைக்காமல் புது இலை வெளுத்துவிடும். ஆர்ஓ தண்ணீரும் மழைத்தண்ணீரும்தான் இதற்குச் சரி. 2003இல் வீட்டுக்கு வீடு கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழாயில் ஒரு டிரம்மை வைத்தேன். ஐப்பசி மழையில் முதல் வீச்சை விட்டுவிட்டுப் பிடித்த தண்ணீரில் மீட்டர் கிட்டத்தட்ட எதையும் காட்டவில்லை. அந்தத் தண்ணீரில் வைத்த செடிதான் எல்லாவற்றிலும் செழிப்பு. பெட்டியோடு வரும் மீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை: மின்கடத்துதிறனை டிடிஎஸ் எண்ணாக மாற்றும்போது, ஒரே கரைசலைச் சில மீட்டர்கள் 500ஆல் பெருக்கியும் சில 700ஆல் பெருக்கியும் காட்டும். மின்கடத்துதிறனை நேரடியாகக் காட்டும் மீட்டரை வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

இனி வெயில். இங்கேதான் பெட்டியின் குட்டு உடைகிறது. கார்த்திகையில் தொடங்கிய லெட்டூஸ் தை வரை அருமையாக வந்தது. இலை மொறுமொறுவென்று, கசப்பே இல்லாமல். மாசி முடியும்போது அதே வகை விதை நெடுநெடுவென்று தண்டு விட்டுப் பூத்தது, வாயில் வைக்க முடியாத கசப்பு. சித்திரையில் மொட்டை மாடியில் நின்ற கறுப்புப் பெட்டிக்குள் பிற்பகலில் கை விட்டால் குளிக்க வைத்த வெந்நீர்போல இருந்தது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். சூடு ஏறினால் வேருக்கு மூச்சுத் தேவையும் ஏறுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும் பித்தியம் என்ற அழுகல் நோய்க்கிருமி பிடித்துக்கொள்கிறது. வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் கழன்று நூலாக வரும். மூடியைத் திறந்தால் சாக்கடை நாற்றம்.

குளிர்விக்கச் சில வழிகளைச் செய்து பார்த்தேன். வாளிக்குள் வெளிச்சம் புகாமல் கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளை அடிப்பது அவசியம். கறுப்பு பாசியைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பும். ஈரக்கோணி சுற்றுவது கடற்காற்று வீசும் மயிலாப்பூரில் சுமாராகத்தான் பலித்தது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கோணி காய்வதில்லை, காயாமல் குளிர்ச்சி வராது. பெரிய மண்தொட்டிக்குள் சின்ன வாளியை இறக்கி, இடைவெளியில் ஈரமணல் கொட்டியது அதைவிட நன்றாக வேலை செய்தது. எல்லாவற்றையும் மிஞ்சியது ஒன்று: காலை ஒன்பதரை மணிக்கு மேல் வெயில் படாத பால்கனி மூலை.

ஆனால் உண்மையான தீர்வு வாளியில் இல்லை, விதையில் இருக்கிறது. இந்தப் பெட்டிகளை விற்பவர்கள் ஏன் சென்னைக்கும் லெட்டூஸ் விதையையே வைத்து அனுப்புகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. குளத்தோரத்திலும் வயல் வரப்பிலும் சேற்றில் காலூன்றி வளரும் கீரைகள் நம்மிடம் இருக்கின்றன. பொன்னாங்கண்ணி, வல்லாரை, இலங்கையில் கங்குன் என்று விரும்பிச் சாப்பிடும் வள்ளைக்கீரை. ஆக்சிஜன் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீர் இவற்றுக்குப் பிறந்த வீடு. தெற்கு மாட வீதியில் வாங்கிய பொன்னாங்கண்ணிக் கட்டிலிருந்து நல்ல தண்டாக நாலைந்தை எடுத்து, இலையை ஆய்ந்துகொண்டு, கணுவைத் தண்ணீரில் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் கணுவில் வெள்ளை வேர் குத்திட்டு நின்றது. கத்திரியில் லெட்டூஸ் செத்த அதே வாளியில் இது தளதளவென்று வந்தது. கொடிப்பசலையும் அப்படியே. புதினா பாதி வெற்றி. நிழலில் வரும், ஆனால் வேர் கிண்ணத்தை அடைத்துக்கொள்கிறது. முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் இந்த முறை வீண்வேலை. ஒரு சாக்கு மண்ணில் விதையைத் தூவினால் முடிந்தது. தக்காளி வைக்க ஆசைப்படுபவர்கள், காய்க்கும் பருவத்தில் அது குடிக்கும் தண்ணீருக்கு இந்த வாளி எந்த மூலைக்கும் போதாது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

கொசுவைச் சொல்லாமல் விட முடியாது. தேங்கிய தண்ணீரை வீட்டில் வைப்பதற்கு இந்த ஊரில் பொறுப்பு வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்ஸி மேல்நிலைத் தொட்டியில் முட்டையிடும் கொசு. டெங்குவின் ஏடிஸுக்கு ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். நான் வாங்கிய பெட்டியின் கிண்ணத்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு கொசு தாராளமாக நுழையும் இடைவெளி இருந்தது. இது மன்னிக்க முடியாத வடிவமைப்புக் குறை. கொசுவலைத் துண்டைக் கிண்ணத்தின் கழுத்தில் சுற்றிச் செருகிய பிறகே நான் நிம்மதியானேன். மாநகராட்சி ஊழியர் வந்தால் மூடியைத் திறந்து காட்டத் தயங்காத நிலையில் வாளி இருக்க வேண்டும்.

மழையும் கவனம். வடகிழக்குப் பருவமழையில் திறந்த மாடியில் வைத்தால் கிண்ணம் வழியே நீர் இறங்கிக் கரைசல் நீர்த்துப்போவதோடு, மட்டம் ஏறி மூச்சு வேரும் மூழ்கும். சன்ஷேடின் கீழ் வையுங்கள். பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. பால்கனிக் கைப்பிடிச் சுவரில் ஏற்ற வேண்டாம்.

வாங்கலாமா? பெட்டியை வேண்டாம் என்பேன். பெயிண்ட் வாளியும், வலைக் கிண்ணமும், நல்ல சத்துப்பொடியும், தரமான மீட்டரும் தனித்தனியாக வாங்கினால் செலவு குறையும், வாளியும் பெரிது. லெட்டூஸ் வேண்டுமானால் ஐப்பசிக் கடைசியில் விதையுங்கள், மாசியோடு நிறுத்துங்கள். மற்ற மாதங்களைப் பொன்னாங்கண்ணிக்கும் வள்ளைக்கும் விட்டுவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு அடியில் நிற்கும் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நாலு பங்கு தண்ணீர் கலந்து கறிவேப்பிலைக்கு ஊற்றினால் அடுத்த துளிர் சீக்கிரம் வரும். வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த பிறகே அடுத்த நாற்றை வையுங்கள்.