விளக்கின் அழகு எது? – 1950களின் தொங்கு விளக்குகள் குறித்து ஒரு மதிப்பீடு

தமிழில் 'விளக்கு' என்ற சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். பெயராக நின்றால் ஒளி தரும் பொருள். வினையாக நின்றால் 'துலக்கு', 'தெளிவாக்கு' என்ற ஏவல். பாத்திரத்தையும் விளக்குகிறோம், பாடத்தையும் விளக்குகிறோம். ஆகவே ஒரு விளக்கை எடைபோட வேறு அளவுகோல் தேடிப் போக வேண்டியதில்லை. சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. இந்த விளக்கு எதை விளக்குகிறது? தன்னையா, தன் கீழே உட்கார்ந்திருப்பவர்களையா?

இந்தக் கேள்வியை நான் இங்கே கேட்பது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உருவான தொங்கு விளக்குகளையும் சரவிளக்குகளையும் பார்த்து. 'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்ற பெயரில் அவை இன்று பழம்பொருள் ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள் நம் நகரங்களின் விளக்குக் கடைகளிலும் தொங்குகின்றன. புதுமனை புகுவிழாவுக்குப் போனால், "இது டேனிஷ் டிசைன் மாமா" என்று பிள்ளைகள் அண்ணாந்து காட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொட்டி வாங்கும் பொருள் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்து வாங்குவது இன்னும் நல்லது.

கண்கூச்சத்தோடு போராடியவர்

பௌல் ஹென்னிங்சன் 1894இல் டென்மார்க்கில் பிறந்தவர். கட்டடக் கலைஞர், அதோடு, யாரையும் சும்மா விடாத விமர்சகர். 1926 முதல் 1928 வரை 'கிரிட்டிஸ்க் ரெவ்யூ' என்ற இதழை நடத்தினார். அவர் வளர்ந்தது மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில். பிறகு மின்சார பல்பு வந்தது. வெளிச்சம் கூடிற்று, கண் கூசிற்று. சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பாடம் படித்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. வீட்டில் முதல் குண்டு பல்பு எரிந்த அன்று அவர்கள் பட்ட சந்தோஷத்தை யாரும் குறைசொல்ல முடியாது. சுடரில் இருந்த இதம் பல்பில் இல்லையே என்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. ஹென்னிங்சன் யோசித்தார், வாழ்நாள் முழுக்க அதையே யோசித்தார்.

1920களின் நடுவில் அவர் கண்டுபிடித்த வழி, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று தகடுகள். தகடுகளின் வளைவுக்கு அவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது மடக்கைச் சுருள். அந்தச் சுருளின் மையத்தில் ஒளியை வைத்தால், கதிர் தகட்டின் எந்த இடத்தில் பட்டாலும் ஒரே கோணத்தில் படும். அதனால் வெளிச்சம் ஒரு இடத்தில் குவியாமல் சீராகப் பரவுகிறது. பல்பும் நேராகக் கண்ணில் படுவதில்லை.

முப்பது வருடம் கழித்து, 1958இல் வந்தது பி.எச். 5. பெரிய தகட்டின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்பதால் அந்த எண். பல்பு கம்பெனிகள் அடிக்கடி பல்பின் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருந்தது அவருக்குப் பெரிய எரிச்சல். "எந்த பல்பை வேண்டுமானாலும் போட்டுக்கொள்" என்கிற மாதிரி ஒரு விளக்கைச் செய்துவிட்டார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாது. உள்ளே மறைவாக ஒரு சிவப்புத் தகடும் ஒரு நீலத் தகடும் உண்டு; வெளிச்சத்தின் நிறத்தைப் பக்குவப்படுத்த அவை. சாப்பாட்டு மேசைக்கு மேலே சுமார் 60 சென்டிமீட்டரில் தொங்கவிட்டால் கீழே தட்டிலும் விழும், பக்கவாட்டில் முகங்களிலும் விழும்.

எரியாதபோது பார்த்தால் பி.எச். 5 பெரிய அழகி இல்லை. கவிழ்த்து அடுக்கிய தட்டுகள் மாதிரி இருக்கும். ஏற்றிய பிறகுதான் அதன் குணம் தெரியும். அப்போதும் நாம் விளக்கைப் பார்ப்பதில்லை, எதிரே இருப்பவரைப் பார்க்கிறோம். இந்த வகை விளக்குகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

அதே 1958இல் கோபன்ஹேகன் லாங்கெலினி உணவகத்துக்காக அவர் செய்த 'ஆர்ட்டிசோக்' விளக்கு வேறு மாதிரி. 12 வரிசைகளில் 72 இதழ்கள். பார்ப்பதற்கென்றே செய்த பொருள். ஆனாலும் இதழ்களுக்குள் ஒளி மூலம் ஒளிந்தே இருக்கிறது. அதற்குப் பெரிய கூடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மாட்டினால் யானையைக் கொல்லைப்புறத்தில் கட்டிய கதைதான்.

வானத்திலிருந்து வந்த மோகம்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை, நான்கு நீண்ட கம்பிகள். அதன் பிறகு, நடுவில் ஒரு உருண்டையும் சுற்றிலும் கம்பி முனைகளில் பல்புமாக இருக்கிற சரவிளக்குக்கெல்லாம் 'ஸ்புட்னிக்' என்பதே பெயராகிவிட்டது. இதன் மகோன்னத வடிவம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் இருக்கிறது. வியன்னாவின் லோப்மெய்ர் நிறுவனம் செய்தவை, 1966இல் அரங்கு திறந்தபோது மாட்டப்பட்டவை. நிகழ்ச்சி தொடங்கும் முன் அரங்கின் சரவிளக்குகள் மெல்ல மேலே ஏறிக் கூரையை ஒட்டிப் போய்விடும். வந்தவர்களை வரவேற்றுவிட்டு, கலைக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றன. நம் வீட்டு ஸ்புட்னிக் அப்படி ஒதுங்குமா? சாப்பிட உட்கார்ந்த பிறகும் தலைக்கு மேலே அதுவேதான் கச்சேரி செய்கிறது.

இத்தாலியின் ஜீனோ சர்ஃபாத்தி 1958இல் வடிவமைத்த '2097' சரவிளக்கை இந்தக் கூட்டத்தோடு சேர்த்துத் தள்ள எனக்கு மனமில்லை. நடுத்தண்டு, அதிலிருந்து நீளும் கைகள், முனையில் பல்புகள். 30 பல்பு, 50 பல்பு என அளவுகள் உண்டு. மின்கம்பிகளை மறைக்காமல் தொங்கும் மாலையாகவே விட்டுவிட்டார். பழைய அரண்மனைச் சரவிளக்கின் கண்ணாடி அலங்காரத்தையெல்லாம் உதறி எலும்பை மட்டும் காட்டிய துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் பல்புகள் அம்மணமாக நிற்கின்றன. உயரமான கூடத்தில், சிறிய பால்நிற பல்புகளோடு அது சோபிக்கும். தாழ்ந்த கூரையுள்ள நம் ஃபிளாட்டில், நகல் விளக்கில் தெள்ளிய கண்ணாடி பல்பைப் போட்டால் எதிரே இருப்பவரைப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

"சரவிளக்கு கொண்டாட்டத்துக்கு, வாசிப்புக்கா?" என்று கேட்பார்கள். நியாயம். செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குவதும் அதற்குத்தான். ஆனால் அவை தொங்கியது கல்யாணக் கூடத்தில். தினசரி இரவுச் சாப்பாடு அதன் கீழே நடக்கவில்லை.

காகிதமும் பிளாஸ்டிக்கும்

இசாமு நொகுச்சி சிற்பி. 1951இல் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போனபோது அங்கே காகித விளக்குத் தொழில் நலிந்திருந்தது. முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதமும் மூங்கில் பிளாச்சும் கொண்டு அவர் வடிவமைக்கத் தொடங்கியவை 'அகாரி' விளக்குகள். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வெளிச்சம் என்று பொருள். மடித்தால் தட்டையாகிவிடும். கிட்டத்தட்ட அதே நேரத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சன் ஸ்வீடன் நாட்டுப் பட்டுத்துணி விளக்கு ஒன்றின் மேல் ஆசைப்பட்டார்; விலை கட்டுப்படியாகவில்லை. கப்பல் தளவாடங்களை மூடிக் காக்கப் பயன்பட்ட பிளாஸ்டிக் பூச்சைக் கம்பிக்கூட்டின் மேல் தெளித்து 'பபிள்' விளக்கை அவருடைய அலுவலகம் உருவாக்கிற்று. 1950களின் தொடக்கத்தில் அது சந்தைக்கு வந்தது.

இரண்டுமே கண்ணை உறுத்தாதவை. மேற்பரப்பு முழுவதும் நிலா மாதிரி ஒளிரும். குறை என்னவென்றால், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்ற தீர்மானம் அவற்றில் இல்லை. உட்கார்ந்து பேச நன்றாக இருக்கும். குழந்தை கணக்குப் போட இன்னொரு விளக்கு வேண்டும். இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

நம் கூரைக்கு ஒத்துவருமா?

இவை பிறந்த நாடுகளில் சாப்பாட்டு அறையின் நடுக்கூரை விளக்குக்குச் சொந்தம். நம் வீட்டில் அந்த இடம் மின்விசிறிக்குப் பட்டா போட்டது. விசிறிக்குக் கீழே காகித விளக்கைத் தொங்கவிட்டால் ஊஞ்சலாடும். விசிறி இறக்கைக்கு மேலே ஒளி இருந்தால் நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும். மேசையைச் சுவரோரம் தள்ளி அதற்கு மேல் தனிக் கொக்கி போடுவதே வழி. பிறகு, தில்லித் தூசியும் மழைக்காலப் பூச்சியும் தகடு தகடாகச் சேரும். மாதம் ஒருமுறை துடைக்க ஆள் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே வீட்டில் பேசிக்கொள்வது உத்தமம்.

பல்பும் மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் 2012 வரை பழைய குண்டு பல்புகளைப் படிப்படியாக விலக்கியது. இங்கே 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் எல்.இ.டி.யை வீடுதோறும் கொண்டுவந்தது. மின்கட்டணத்துக்கு நல்லது. ஆனால் பழைய பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும். சாதாரண எல்.இ.டி. பல்பில் பாதி உடம்பு வெள்ளைப் பிளாஸ்டிக். முன்பக்கம் மட்டுமே ஒளிரும். அதைத் தலைகீழாக மாட்டினால் மேல் தகடுகளுக்குப் போக வேண்டிய வெளிச்சம் குறைந்துவிடும். சுற்றிலும் ஒளிரும் பல்பாக, 2700 கெல்வின் இதநிறத்தில் போட்டால்தான் அந்த வளைவுகளுக்கு வேலை. 6500 கெல்வின் வெள்ளையைப் போட்டுவிட்டு "டிசைன் சுமார்தான்" என்றால் விளக்கு என்ன செய்யும்? பளிச்சென்று இருந்தால்தான் வெளிச்சம் என்று டியூப் லைட் நம்மைப் பழக்கிவிட்டது. "வெளிச்சம் பத்தலை" என்று சொல்லும் பெரியவர்களுக்குப் பல சமயம் வேண்டியது கூடுதல் வாட் இல்லை, கூச்சமில்லாத வெளிச்சம்.

விலையும் மதிப்பும்

ஹென்னிங்சன் இடதுசாரிச் சார்புள்ளவர். சாதாரணக் குடும்பத்தின் மேசைக்கு நல்ல ஒளி வேண்டும் என்று நினைத்தவர். அவர் விளக்கு இன்று ஆடம்பரப் பட்டியலில் இருக்கிறது. சண்டிகரின் அரசு அலுவலகங்களுக்காகப் பியர் ஜான்னரே காலத்தில் செய்த நாற்காலிகளும் இப்படித்தான், குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்த்த பிறகு கழித்துக் கட்டப்பட்டு, வெளிநாட்டு ஏலங்களில் லட்சங்களுக்குப் போயின. பொருள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விலை ஏறுகிறது. சேகரிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பழையது என்பதாலேயே ஒரு விளக்கு நல்ல விளக்கு ஆகாது. நகல் என்பதாலேயே கெட்டதும் ஆகாது. தகட்டின் வளைவை மாற்றி, பல்பு எட்டிப் பார்க்கும்படி செய்த நகல்தான் கெட்டது. அதில் பெயர் மட்டுமே ஹென்னிங்சனுடையது.

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் விளக்கை ஏற்றச் சொல்லுங்கள். அதன் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கூட வந்தவரை எதிரே உட்காரச் சொல்லுங்கள். பல்பு கண்ணில் குத்துகிறதா, அவர் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஊரை விட்டு வந்து, ஆளுக்கொரு நேரத்தில் அலுவலகத்திலிருந்து திரும்பும் நம் வீடுகளில் எல்லோரும் ஒன்றாக உட்காருவது பெரும்பாலும் அந்த ஒரு மேசையில்தான். அந்த அரைமணி நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க உதவுகிற விளக்கு எதுவோ, அதை வாங்குங்கள். அது டென்மார்க்கில் பிறந்ததா, பக்கத்துத் தெருவில் பிறந்ததா என்பது இரண்டாம்பட்சம்.