மெதுவாக ஓடும் கடிகாரம்

மாற்றுத் திறனாளிகளின் குளிர்கால விளையாட்டு வரலாறு என்றதும் 1976-ஐத்தான் எல்லாரும் சொல்வார்கள். சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் கைகால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் பனிச்சறுக்கில் இறங்கிய முதல் குளிர்கால பாராலிம்பிக் ஆண்டு அது. அதைவிட 2006-ஐ முக்கியமானதாக நான் கருதுகிறேன். அதற்கு முன் குறைபாட்டின் அளவுக்கேற்பப் பந்தயங்களைப் பல கூறுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 1998 நாகானோவில் 122 போட்டிகள், 2002 சால்ட் லேக் சிட்டியில் 92. வந்தவர்களோ சில நூறு பேர். எதிராளியே இல்லாத வெற்றிக்கு என்ன மதிப்பு? 2006 டூரினில் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நிற்போர், அமர்வோர், பார்வைக் குறைபாடுடையோர் என்ற மூன்று பிரிவுகளுக்குள் அடங்கின. மொத்தப் போட்டிகள் 58 ஆயின. ஒரே பிரிவுக்குள் இருக்கும் குறைபாட்டு வகுப்புகளின் வேறுபாட்டை விகிதக் கணக்கு ஈடுசெய்கிறது. ஒருவரின் விகிதம் 80 விழுக்காடு என்றால், அவர் 100 விநாடியில் இறங்கினாலும் கணக்கில் 80 விநாடிதான். மலைச்சரிவுப் பந்தயத்தில் அவருக்கான கடிகாரமே மெதுவாக ஓடும்.

வென்றது வீரரா, கணக்கா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. விகிதங்கள் முந்தைய பந்தய முடிவுகளிலிருந்து பிறப்பவை. ஓரிருவரே உள்ள வகுப்பில் ஓர் அசாதாரணத் திறமைசாலி வந்தால், அவருடைய வேகத்தை அந்த வகுப்பின் இயல்பாகவே கணக்கு எடுத்துக்கொள்ளக்கூடும். பனி இளகியிருக்கும் நாளில் அமர்ந்து சறுக்குபவர் படும் பாட்டையும் எண் அறியாது. ஆனாலும் எண்ணைத் திருத்தலாம். ஆளில்லாப் பந்தயத்தைத் திருத்த வழியில்லை. இந்த முறையை நான் ஏற்பது அதனால்தான்.

உண்மையான குறை வாசலில் இருக்கிறது. நாகானோவில் அறிவுசார் குறைபாடுடையவர்களும் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் போட்டியிட்டார்கள். 2000 சிட்னியில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி குறைபாடே இல்லாதவர்களைக் களமிறக்கிய மோசடி வெளிப்பட, அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. கோடைக்காலப் போட்டிகளுக்கு 2012 லண்டனில் திரும்பியது. 2022 பெய்ஜிங் குளிர்காலப் போட்டிவரை பனியில் இடமில்லை. மலேசியருக்கு இது அயலார் சங்கதி அல்ல. 2016 ரியோவில் நாட்டுக்குக் கிடைத்த முதல் மூன்று பாராலிம்பிக் தங்கங்களில் இரண்டு, குண்டு எறிதலில் சியாட் சொல்கிப்ளியும் நீளம் தாண்டுதலில் அப்துல் லத்திஃப் ரொம்லியும் வென்றவை. இருவரும் அந்தப் பிரிவினரே. குறைபாட்டைச் சோதித்து உறுதிசெய்வது கடினம் என்ற வாதம், கோடையில் அந்தச் சோதனை நடக்கத் தொடங்கியதுமே வலுவிழந்துவிட்டது.

பனியே பெய்யாத நாட்டுக்கு இந்தக் குளிர்கால விளையாட்டு விவாதம் எதற்கு என்பார்கள். சக்கர நாற்காலி கர்லிங்குக்கும் பாரா ஐஸ் ஹாக்கிக்கும் மலை வேண்டாம், பனித்தளம் போதும். மலேசியாவின் டாமன்சாரா எம்பயர் சிட்டி அரங்கில், 2017 ஆகஸ்டில் தென்கிழக்காசிய (சீ) விளையாட்டின் ஐஸ் ஹாக்கி நடந்தது. அடுத்த மாதமே கோலாலம்பூர் ஆசியான் பாரா விளையாட்டை நடத்தியது. அதன் 16 விளையாட்டுகளில் பனித்தளத்தில் ஆடுவது ஒன்றுகூட இல்லை. தட்பவெப்பத்தின் மேல் பழி போட முடியாது. பட்டியலைத் தயாரித்தவர்கள் மனிதர்கள்.