ராஜா பாட்டும் சாமி பாட்டும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அக்கா மகள் வயலினில் முத்துசுவாமி தீட்சிதரின் ‘சந்ததம் பாஹி மாம்’ வாசித்துக்கொண்டிருந்தாள். கிள்ளானிலிருந்து வந்திருந்த பெரியப்பா, காப்பிக் குவளையோடு சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். சுதந்திரத்துக்கு முன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். “இது வெள்ளைக்காரன் ராஜா பாட்டுலா! இதையா சாமி பாட்டுன்னு சொல்லிக் குடுக்குறாங்க?”

எல்லாரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ இது காப்பியா மாமா?”

பெரியப்பா சொன்னது சரிதான். மெட்டு பிரிட்டிஷ் அரச கீதத்தினுடையது. சென்னைக்கு வடக்கே மணலியில் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்த முத்துகிருஷ்ண முதலியார், சகோதரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் ஐரோப்பிய வாத்தியக் குழுவைக் கேட்கவைத்தார் என்பது இசை வரலாறு சொல்லும் கதை. தம்பி பாலுசுவாமி (1786–1858) ஒரு ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். இன்று கச்சேரி மேடையில் உட்காரும் வயலினுக்கு அவரே ஒரு முன்னோடி. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவைதான் நோட்டு ஸ்வரங்கள். எல்லாமே சங்கராபரணம், கமகமே இல்லை.

அமெரிக்காவில் இதன் தலைகீழ் நடந்தது. ஜே அங்கர் 1982இல் பழைய ஸ்காட்லாந்துப் புலம்பல் பாணியில் ‘அஷோகன் ஃபேர்வெல்’ என்றொரு பிடில் மெட்டு போட்டார். 1990இல் உள்நாட்டுப் போர் பற்றிய கென் பர்ன்ஸ் தொலைக்காட்சித் தொடரில் அது ஒலித்ததும், போர்க்காலத்துப் பாட்டு என்றே பலர் நம்பிவிட்டார்கள். அங்கே புதுசு பழசாகிவிட்டது. இங்கே அடுத்த வீட்டுச் சரக்கு நம்ம பூஜையறைக்குள் வந்துவிட்டது.

நோட்டு ஸ்வரங்களைத் தலையில் தூக்கிவைத்து ‘முதல் ஃப்யூஷன்’ என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலதும் சாதாரணம்தான், நடன மெட்டின் மேல் தெய்வப் பெயர்கள் வரிசையாக நிற்கும், அவ்வளவே. தீட்சிதரின் பெரிய கிருதிகளைக் கேட்ட காதுக்கு அது போதாது. ஆனால் இந்த ஒன்று வேறு. மூலப்பாட்டு கடவுளிடம் ‘அரசனைக் காப்பாற்று’ என்கிறது. தீட்சிதரோ சங்கீத சியாமளையிடம் ‘எப்போதும் என்னைக் காப்பாற்று’ என்கிறார். ஸ்வரம் அப்படியே நிற்க, நடுவிலிருந்த ராஜா காணாமல் போய்விடுகிறார்! கம்பெனி ஆட்சி ஊன்றிக்கொண்டிருந்த காலத்தில் இதைத் தெரிந்தேதான் செய்தாரா என்று நிரூபிக்க முடியாது. தற்செயல் என்று ஒதுக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “பள்ளிக்கூட அசெம்பிளியில நெகாராகூ பாடுறியே, 1957க்கு முன்னாடி அந்த மெட்டு பேராக் மாநில கீதம். ‘தெராங் புலான்’னு காதல் பாட்டாவும் ஓடுச்சு. அதுக்காக அது நம்ம பாட்டு இல்லைன்னு ஆயிடுமா?” என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு வில்லுக்கு ரோசின் தடவினாள். இரண்டாம் முறை வாசித்தபோது பெரியப்பா எழவில்லை. நாற்காலிக் கையில் விரல் மட்டும் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தது.