செயற்றிறன் என்னும் ஒரு சொல்

ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒரு பொருள் கண்டார். மணக்குடவர் வேறொரு பொருள் கண்டார். இவ்வேறுபாட்டை வகுப்பறையில் விளக்கும் நம் ஆசிரியர்கள், உரை காண்பது புலவர்க்கே உரிய தொழில் எனக் கருதிவிடுகின்றனர். நீதிமன்றங்களிலும் அத்தொழில் நடைபெறுகின்றது. அங்கு ஒரு சொல்லின் பொருள் பெயர்ந்தால் நோயாளி வாங்கும் மருந்தின் விலையும் பெயர்கின்றது. கண்டியை அடுத்த அம்பிட்டியவுக்கு உரைத்தொழில் புதிதன்று. பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 1893இல் நிறுவிய குருமடம், 1955இல் பூனாவுக்கு இடம்பெயரும் வரை, இந்தியாவிலிருந்து வந்த மாணவர்க்கு இவ்வூரிலிருந்தே வேதப்பொருளைக் கற்பித்தது. இன்று அம்பிட்டிய மாணவர் இந்தியாவிடமிருந்து கற்கத்தக்க உரைப்போர் ஒன்று உண்டு. ஆக்கவுரிமை வழக்காடல் என்னும் தொழிலின் உண்மைப் பண்பை அது நமக்குக் காட்டுகின்றது.

ஆக்கவுரிமை என்பது யாது? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், பிறர் அதனைச் செய்யாமலும் விற்காமலும் 20 ஆண்டுகள் தடுப்பதற்கு அரசு வழங்கும் அதிகாரமே அது. கண்டுபிடிப்பைச் சொற்களால் வரையறுப்பவர் சட்டத்தரணி. அவ்வாசகத்தின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலிக்கம்பு. வேலியைச் சற்றே அகற்றி நடுவதும், பிறர் நட்ட வேலியைப் பிடுங்குவதுமே இத்தொழில். அறிவியலும் சட்டமும் மொழியும் ஒருங்கே வேண்டும் இத்தொழிலை நாம் இகழவில்லை. அதற்குப் பெருங்கூலி கொடுக்க வல்லவர் யார் என்பதே நம் வினா. அவர்கள் பெரும்பாலும் பெருங் கம்பனிகளே.

சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பனி 1998இல் சென்னையில் ஆக்கவுரிமை விண்ணப்பம் ஒன்றைச் செய்தது. ஒருவகைக் குருதிப் புற்றுநோய்க்கு உதவும் இமாட்டினிப் மெசிலேட் என்னும் மருந்தின் பீட்டாப் படிக வடிவம் பற்றியது அது. கம்பனியின் மருந்துக்கு அப்போது மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலை இருந்தது. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாயே இருந்தது. விண்ணப்பம் 2006இல் மறுக்கப்பட்டது. மறுப்புக்கு ஆதாரமான சட்டப்பிரிவே செல்லாது எனக் கம்பனி தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. இறுதியாக 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் கம்பனியின் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

போர் முழுவதும் ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், அப்பொருளின் செயற்றிறனை மிகுவித்தாலன்றிப் புதுக்கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. செயற்றிறன் எனின் யாது? படிகம் ஈரத்தை எளிதில் ஏற்பதில்லை, வெப்ப இயக்கவியல் நிலைப்பு மிக்கது, உடலில் 30 விழுக்காடு கூடுதலாக உட்கொள்ளப்படும் என்றது கம்பனி. மருந்தின் செயற்றிறன் நோயைத் தீர்க்கும் திறனே; உட்கொள்ளல் மிகுவதால் அத்திறன் மிகுகிறது என்பதைச் சான்று காட்டி நிறுவவேண்டும் என்றது மன்று. கம்பனி அத்தகைய சான்றைக் காட்டவில்லை.

புற்றுநோயாளர் உதவிச் சங்கத்தின் சார்பில் வாதாடியவர் ஆனந்த் குரோவர். எச்.ஐ.வி. கிருமி கண்டதன் பொருட்டு 1989இல் கோவாவில் அடைத்துவைக்கப்பட்ட டொமினிக் டிசூசாவுக்காக வழக்காடியவரும் அவரே. நோயாளரின் வழக்குகளே அவரை ஆக்கவுரிமைச் சட்டத்துக்கு இட்டுவந்தன. அதே மன்றில், எக்கட்சியையும் சாராது, நீதிமன்றத்துக்கு உதவும் நோக்குடன் வாதிட்டவர் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். செயற்றிறனைக் குறுகிய பொருளிற் கொள்ள வேண்டும் என்றார் குரோவர். மருந்தின் நச்சுத்தன்மை குறைவதும் நோயாளிக்கு நன்மையாதலின் அதனையும் அச்சொல்லுள் அடக்கலாம் என்றார் பஷீர். இவ்விரண்டில் எது சரியென மன்று முடிவாகக் கூறவில்லை. தீர்ப்பின் குறை இதுவே என்பது நம் கருத்து. விடையில்லாமல் விடப்பட்ட இடத்தில் நாளை மற்றொரு வேலிக்கம்பு நடப்படலாம்.

ஆயினும், இவ்வெற்றியைத் திறமை மிக்க வழக்கறிஞரின் வெற்றி என்று மட்டும் பாராட்டுவோர் பாதியையே காண்கின்றனர். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழியே 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அது மருந்துப் பொருளுக்கே ஆக்கவுரிமை வழங்குவதை ஒழித்தது. உலக வர்த்தக உடன்படிக்கையின் நெருக்குதலால் 2005இல் அவ்வுரிமையை மீண்டும் வழங்க நேர்ந்தபோது, இடதுசாரிக் கட்சிகளும் நோயாளர் இயக்கங்களும் போராடியமையாலேயே அப்பிரிவு இன்றைய வலிமையைப் பெற்றது. மக்கள் போராடிச் சட்டத்திற் சேர்த்த சொல்லுக்குத்தான் குரோவர் உரை கண்டார். மூலத்தில் இல்லாத சொல்லுக்கு எவரால் உரை எழுத முடியும்?

இங்கேதான் நம் நாட்டின் நிலை கவலை தருகின்றது. 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. அச்சட்டமூலம் எதிர்க்கப்பட்டபோது, உலக உடன்படிக்கை வறிய நாடுகளுக்கு விட்டுவைத்த பாதுகாப்புகளையும் அது கைவிட்டமை சமத்துவ உரிமைக்கு முரணானது என இலங்கை உயர் நீதிமன்றம் கண்டது. அதுவும் குடிமக்கள் வழக்கிட்டுப் பெற்றதேயன்றித் தானாக வந்ததன்று. கண்டி திருத்துவக் கல்லூரியிற் பயின்று, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாய் விளங்கிய சேனக பிபிலேயும் சொல்லுக்காகவே போரிட்டார். எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அவர் அளித்த அறிக்கை, வணிகப் பெயரை நீக்கி மருந்தின் பொதுப் பெயரை வழங்கவும், இறக்குமதியை அரசு ஏற்கவும் வழிகாட்டியது. கம்பனியின் பெயருக்கு நோயாளி தனி விலை கொடுக்கலாகாது என்பதே அவர் கோட்பாடு.

அம்பிட்டியவிலிருந்து சட்டம் பயிலச் செல்லும் மாணவர் இத்துறையைத் தேர்ந்தால் நாம் தடுக்கமாட்டோம். வேலியைப் பிடுங்க அறிந்தோரும் வேண்டுமன்றோ? ஆனால் ஏழை மாணவர்க்கு அவ்வழி திறந்திருக்கிறதா? 2019இல் மறைந்த பஷீர், வறிய குடும்பத்துப் பிள்ளைகளைச் சட்டக் கல்லூரிகளிற் சேர்ப்பதற்கென்றே 2010இல் ஓர் இயக்கம் கண்டார். மலையகத் தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் அத்தகைய முயற்சி வேண்டும். அதுவரை நம் ஆசிரியர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு: குறளுக்கு இரண்டு உரைகளை ஒப்பிடும் அதே வகுப்பில் புலமைச் சொத்துச் சட்டத்தின் ஒரு பிரிவையும் கரும்பலகையில் எழுதி, அதில் எச்சொல் இல்லை என்று மாணவரிடம் கேட்பது.