நாட்டுப் பெருமிதத்தின் இலக்கணம்

பிறந்த நாட்டைப் பற்றிப் பெருமை பேசுவது எளிது. அதன் குறைகளை அடுக்குவதும் எளிது. இரண்டையும் ஒரே நாவால், ஒரே நேர்மையோடு செய்வதுதான் அரிது. வளர்ந்து வரும் நாடுகளில் பிறந்தோர் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையே தேர்ந்துகொள்கின்றனர். ஒரு சாரார் பழம்பெருமையைத் திரையாகத் தொங்கவிட்டு இன்றைய வறுமையை மறைக்கின்றனர். மறு சாரார் இன்றைய வறுமையை மட்டுமே கண்டு, 'இந்த நாடு உருப்படாது' என்று கையை உதறிவிடுகின்றனர். இவ்விரு வழிகளுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டா? எகிப்து நாட்டின் புதுக்கால அரபு இலக்கியம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. நைல் நதிக் கவிஞர் என்று போற்றப்படும் ஹாபிழ் இப்ராஹீமின் இரண்டு கவிதைகளை முன்வைத்து அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சிக்கு நாம் கையாளப்போகும் கருவி, மத்ரஸாவில் முதலாண்டு மாணவனும் அறிந்த நஹ்வு இலக்கணமே. முதகல்லிம், முகாதப், காஇப் என்று அரபு இலக்கணம் வகுப்பதையே தமிழ் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடமாகக் கூறுகிறது. ஒரு கவிஞர் தம் நாட்டை இம்மூவிடங்களுள் எதில் நிறுத்திப் பேசுகிறார் என்று பார்த்தால், அவருடைய அன்பின் தரம் விளங்கிவிடும்.

பெருமிதக் கவிதை அரபுக்குப் புதிதன்று. 'ஃபக்ரு' என்பது அம்மொழியின் மிகத் தொன்மையான கவிதைத் துறைகளுள் ஒன்று. முஅல்லகாத் தொகுப்பிலுள்ள அம்ரு இப்னு குல்ஸூமின் நெடும்பாட்டு அதற்குத் தலையாய சான்று. தஃக்லிப் குலத்தின் வீரத்தையும் வண்மையையும் முழக்கும் அப்பாட்டில் 'நாங்கள், நாங்கள்' என்னும் ஓசை அடிதோறும் எழுந்து செவியை நிறைக்கிறது. அதன் சொல்லாற்றலை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அதற்கு நேர்ந்த கதியை இலக்கிய வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அக்குலத்தார் அப்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக ஓதி ஓதி மகிழ்ந்தனர். அது கண்ட எதிர்க்குலக் கவிஞர் ஒருவர், அம்ரு பாடிய ஒரு பாட்டே தஃக்லிப் மக்களை நற்செயல்கள் அனைத்தையும் மறக்கச் செய்துவிட்டது என்று எள்ளி நகையாடினார். பெருமிதம் செயலுக்குத் தூண்டுகோலாகாமல் செயலுக்கு மாற்றாக அமைந்துவிடும் ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இனி ஹாபிழ் இப்ராஹீமுக்கு வருவோம். நைல் நதியில் நின்ற படகொன்றில் பிறந்தவர், இளமையிலேயே தந்தையை இழந்து வறுமையில் வளர்ந்தவர், படைப்பணியில் சூடான் சென்று மீண்டவர், 1911ஆம் ஆண்டில் கெய்ரோவின் தேசிய நூலகத்தில் பணியேற்றவர், 1932இல் மறைந்தவர். இவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்து ஆங்கிலேயரின் பிடியில் இருந்த காலத்தில், மனம் கசந்து ஒரு கவிதை எழுதினார். தம் எழுதுகோலை முறித்துவிட்டதாகச் சொல்லி, எகிப்தை முன்னிலையில் நிறுத்தி, அது எழுத்தாளனுக்கேற்ற இல்லமன்று என்று முகத்துக்கு நேரே முறையிட்டார். வீண் பரபரப்பில் மூழ்கிய இதழ்களையும், எழுதவேண்டியதை எழுதாத எழுத்தாளரையும் அதில் கடுமையாகச் சாடினார்.

அதே கவிஞர் 1921ஆம் ஆண்டில், எகிப்து தன்னைப் பற்றித் தானே பேசுவதாக மற்றொரு கவிதை பாடினார். இலண்டனில் நடந்த விடுதலைப் பேச்சுவார்த்தை முறிந்து, அத்லீ யகன் நாடு திரும்பிய வேளை அது. இக்கவிதையில் எகிப்து தன்மையில் நின்று 'நான்' என்று பேசுகிறது. பிரமிடுகளைக் கட்டியவர்களை நினைவூட்டுகிறது. தன் மேன்மையை உலகுக்கு அறிவிக்கிறது. பின்னாளில் உம்மு குல்ஸூமின் குரலில் இது அரபுலகெங்கும் பரவியது.

எழுத்தாளனுக்கு இல்லமன்று என்று பழித்தவரே இப்படிப் புகழலாமா? இது முரண்பாடன்றோ? இரு கவிதைகளையும் மேலோட்டமாகப் படிப்போர் இவ்வாறு வினவக்கூடும். முரண்பாடன்று என்பதே நம் கருத்து. முதற்கவிதையில் ஹாபிழ் நாட்டை 'நீ' என்றே விளிக்கிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். நாட்டை வெறுத்து ஒதுக்கியவன் அதைப் படர்க்கையில் வைத்து, 'அந்த நாடு' என்று பேசுவான். 'நீ' என்று விளிப்பவன் இன்னும் அதன் எதிரிலேயே நிற்கிறான், மறுமொழியை எதிர்பார்க்கிறான். எழுதுகோலை முறித்துவிட்டேன் என்னும் செய்தியையும் அவர் எழுதுகோலால்தான் எழுதினார்! கசப்பு மெய், பிரிவு மெய்யன்று.

இரண்டாம் கவிதையிலும் குறையுண்டு. மக்கள் பெரிதும் நினைவில் வைத்திருக்கும் அதன் முற்பகுதி, பழைய ஃபக்ரின் பாதையிலேயே செல்கிறது. பிரமிடு எவ்வளவு உயர்ந்ததாயினும், பருத்தி வயலில் கூலிக்கு உழைத்த உழவனின் வயிற்றை அது நிரப்பியதில்லை. ஆனால் கவிதை அங்கே நின்றுவிடவில்லை. பிற்பகுதியில் குரல் மாறுகிறது. 'நான்' மறைந்து 'நாம்' தோன்றுகிறது. கருத்துகள் இடறி விழக்கூடிய ஒரு கட்டத்தை நாம் கடந்துகொண்டிருக்கிறோம், உறுதியோடு நிற்போம் என்னும் எச்சரிக்கை எழுகிறது. அப்போது எகிப்தியர் ஸஅத் ஸஃக்லூல் பக்கமும் அத்லீ பக்கமும் பிளவுபட்டுக் கிடந்தனர் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். வரவேற்பு விழாவில் புகழுரை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்திருந்தால் கைதட்டல் குறைந்திராது. ஹாபிழோ அவ்வேளையிலும் தம் மக்களின் குறையைச் சொன்னார். கவிதையின் உயிர் இப்பகுதியிலேயே இருக்கிறது.

இவ்விடத்தில் தமிழ் நமக்கொரு நுட்பத்தைக் கற்றுத் தருகிறது. அரபு மொழியின் 'நஹ்னு' என்னும் ஒரு சொல்லைத் தமிழில் 'நாங்கள்' என்றும் பெயர்க்கலாம். 'நாம்' என்றும் பெயர்க்கலாம். 'நாங்கள்' கேட்போரை விலக்கி நிறுத்தும். 'நாம்' கேட்போரையும் உளப்படுத்திக்கொள்ளும். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கணிகள் கூறுவது இதனையே. அம்ரு இப்னு குல்ஸூமின் 'நஹ்னு' நாங்கள். அது எதிரியை நோக்கிய முழக்கம். ஹாபிழின் 'நஹ்னு' நாம்; அது உடன்பிறந்தாரை நோக்கிய அழைப்பு. புகழில் மட்டும் பங்கு கேட்பது முன்னது. பழியிலும் உழைப்பிலும் பங்கேற்பது பின்னது. நாட்டுப் பெருமிதம் முதிர்ச்சியடைவது 'நாங்கள்' என்பது 'நாம்' ஆகும்போதுதான்.

படர்க்கையில் எழுதியவர் எல்லாரும் நாட்டை ஒதுக்கியவர்கள் என்றும் கொள்ளலாகாது. தாஹா ஹுஸைனின் 'அல் அய்யாம்' என்னும் தன்வரலாறு இதற்குச் சான்று. அவருடைய 1926ஆம் ஆண்டு நூல் குறித்து ஆலிம்கள் எழுப்பிய கடும் மறுப்புகளை நாம் அறிவோம். ஈண்டு நம் பேச்சு அதைப் பற்றியதன்று. 'அல் அய்யாமில்' அவர் தம்மையே 'அவன்', 'அச்சிறுவன்' என்று படர்க்கையில் குறிப்பிடுகிறார். கண்நோய் கண்ட குழந்தைக்குச் சிற்றூர் நாவிதர் செய்த மருத்துவத்தால் பார்வை பறிபோனதையும், கவனிப்பாரின்றிச் சின்னஞ்சிறு தங்கை இறந்ததையும், காலரா தமையனைக் கொண்டுபோனதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அயலார் ஒருவர் இதே செய்திகளை எழுதியிருந்தால் எகிப்தியர் சினந்திருப்பர். ஆனால் இதை எழுதியவர் அவ்வீட்டுப் பிள்ளை. தம்மைப் படர்க்கையில் வைத்ததால் அவருடைய துயரம் ஒருவருடைய துயரமாக நில்லாமல், எகிப்தின் சிற்றூர்ச் சிறுவர் அனைவருடைய துயரமாக விரிந்தது.

அவர் எழுத்தோடு நிற்கவுமில்லை. 1950இல் கல்வியமைச்சரானபோது, குடிக்கும் நீரையும் மூச்சுக்காற்றையும் போலக் கல்வி எல்லார்க்கும் உரியது என்று முழங்கி, உயர்நிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்க வழிசெய்தார். குறையைச் சொன்ன வாய்க்கும் அதைத் தீர்க்க முயன்ற கைக்கும் இடையே பிளவில்லை.

பைரம் அத்தூனிஸீயின் வாழ்க்கை இன்னும் வியப்பானது. அலெக்ஸாந்திரியாவில் பிறந்தவராயினும், மூதாதையர் தூனிஸிலிருந்து வந்தவர் என்பதால் சட்டத்தின் கண்ணில் அவர் அயலார். அவ்வூர் நகராட்சியின் வரிக்கொடுமையை நையாண்டி செய்து புகழ்பெற்றார். பிறகு அரச குடும்பத்தைச் சீண்டியதால் நாடுகடத்தப்பட்டார். 1938இல்தான் அவரால் நாடு திரும்ப முடிந்தது. குடியுரிமை கிடைத்ததோ 1954இல். சட்டம் அவரை 'அவர்' என்று விலக்கி வைத்த காலமெல்லாம், அவர் எகிப்தின் தெருமொழியில் 'நாம்' என்றே எழுதிக்கொண்டிருந்தார்.

நாட்டுப்பற்றைப் பேசுவோர் அடிக்கடி எடுத்தாளும் ஒரு தொடர் உண்டு. தாய்நாட்டை நேசிப்பது ஈமானைச் சேர்ந்தது என்னும் அத்தொடரை நபிமொழி என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் அது இட்டுக்கட்டப்பட்டது என்பது இமாம் ஸஃகானீ போன்ற ஹதீஸ் அறிஞரின் முடிவு. அன்புக்குப் பொய்ச்சான்று எதற்கு? மெய்ச்சான்று வேறுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை நோக்கி, தமக்கு அது எத்துணை நேசத்துக்குரிய ஊர் என்பதையும், அதன் மக்கள் தம்மை வெளியேற்றியிராவிட்டால் வேறெங்கும் குடியிருந்திருக்கமாட்டார் என்பதையும் எடுத்துரைத்த செய்தி திர்மிதீயில் இருக்கிறது. அங்கும் ஊர் முன்னிலையில்தான் நிற்கிறது. நேசமும், இழைக்கப்பட்ட கொடுமையும் ஒரே மூச்சில் வெளிப்படுகின்றன. நேசத்துக்காகக் கொடுமை மறைக்கப்படவில்லை. கொடுமைக்காக நேசம் மறுக்கப்படவுமில்லை. இட்டுக்கட்டிய புகழால் நாட்டை உயர்த்த முயல்வதும், இட்டுக்கட்டிய ஹதீஸால் நாட்டுப்பற்றை உயர்த்த முயல்வதும் ஒரே வகைப் பிழைகளே.

எகிப்தின் மக்கள்தொகை 2020இல் பத்துக் கோடியைத் தாண்டியது. 2022க்கும் 2024க்கும் இடையில் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு மீண்டும் மீண்டும் சரிந்து, எளியோரின் சட்டி பானைகளைக் காலியாக்கியது. 2025 நவம்பரில் பிரமிடுகளின் அருகே மாபெரும் அருங்காட்சியகம் முறைப்படி திறக்கப்பட்டது. ஹாபிழின் 'நான்' கல்லிலும் கண்ணாடியிலும் எழுந்து நிற்கிறது. அதைக் கண்டு எகிப்தியர் பெருமிதம் கொள்வதில் தவறில்லை. அவர் கவிதையின் பிற்பகுதியிலுள்ள 'நாம்' விலைவாசியோடு போராடும் அடுக்களைகளிலும் ஒலிக்கிறதா என்பதே வினா.

இவ்வினா எகிப்துக்கு மட்டும் உரியதன்று. பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்று விடுமுறையில் ஊர் திரும்பும் நம் பிள்ளைகள், நம் தெருவின் சாக்கடையையும் அலுவலகங்களின் தாமதத்தையும் சுட்டிக்காட்டுகின்றனர். அவர்களைக் கடிந்து வாயடைக்கவேண்டா. குறை மெய்யாயின் அதை ஒப்புக்கொள்வோம். 'இங்கே இவர்கள் இப்படித்தான்' என்னும் படர்க்கையிலிருந்து, 'நாம் ஏன் இப்படி இருக்கிறோம்?' என்னும் தன்மைக்கு அவர்கள் பேச்சை மெல்லத் திருப்பிவிடுவதே பெரியோர் கடமை. அவ்வினாவைக் கேட்கத் தொடங்கிய வீட்டில், நாட்டைப் பற்றிய பெருமிதத்தை எவரும் தனியே கற்பிக்கவேண்டிய தேவை இராது.