கடலின் மகிமை: பட்டம் தகுமா?

கோபன்ஹேகனில் பாதிரியாராக இருந்த கெம்னிட்ஸ் 1777-இல் ஒரு கூம்புச் சங்கை விவரித்து, ‘கோனஸ் குளோரியாமாரிஸ்’ என்று பெயரிட்டார். கடலின் மகிமை என்று பொருள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சங்கு சேகரிப்போரின் கனவாக அது இருந்தது. 1951-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒன்று திருடுபோனது. ஏற்கெனவே ஒன்றை வைத்திருந்து இரண்டாவது சங்கையும் ஏலத்தில் எடுத்த ஒருவர், தன்னிடமுள்ளதே உலகில் ஒன்றாக இருக்கட்டும் என்று அதைக் காலால் நசுக்கினார் என்றொரு கதையும் உண்டு. ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்தக் கதை நிலைத்தது என்பதே அந்த மோகத்துக்குச் சாட்சி.

இவ்வளவு புகழுக்கும் முதல் காரணம் அது அரிதாக இருந்ததுதான். அந்த வாதம் 1969-இல் உடைந்தது. சாலமன் தீவுகளின் குவாடல்கனால் அருகே முக்குளிப்போர் இந்த நத்தையின் வாழிடத்தைக் கண்டார்கள்; சங்குகள் ஏராளமாகக் கிடைத்தன, விலை சரிந்தது. ஆக, அரிதாக இருந்தது நத்தையல்ல, அது எங்கே வாழ்கிறது என்ற அறிவுதான்.

அடுத்தது அழகு. இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். பதினாறு சென்டிமீட்டர் வரை வளரும் ஒடுங்கிய உடல், உயர்ந்த கூர்நுனி. வெளிர்பொன் தளத்தில் மயிரிழைபோன்ற பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, எண்ணற்ற சிறு முக்கோணங்களை அடைக்கின்றன. அவற்றின் ஊடே மங்கலான பட்டைகள். அவசரப் பார்வைக்குப் பிடிபடாத நேர்த்தி இது. ஆனால் இதே முக்கோணப் பின்னலை நெருங்கிய உறவான கோனஸ் டெக்ஸ்டைல் இன்னும் அழுத்தமாகக் காட்டுகிறது. அது எளிதில் கிடைப்பதால் யாரும் அதற்கு மகுடம் சூட்டவில்லை. 1968-இல் விவரிக்கப்பட்டு வங்கக் கடலின் பெயரைப் பெற்ற கோனஸ் பெங்காலென்சிஸும் வடிவ ஒயிலில் சளைத்ததல்ல. குளோரியாமாரிஸுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. தனிச் சிம்மாசனம் இல்லை.

மூன்றாவது, சங்கைக் கட்டிய உயிர். சேகரிப்போர் பெரும்பாலும் கழுவி எறிந்தது இதைத்தான். மற்ற நத்தைகளை வேட்டையாடும் இது, உள்ளே குழலான ஒற்றைப் பல்லை ஈட்டியாக எய்து நஞ்சைச் செலுத்துகிறது. கூம்பு நத்தைகளின் நஞ்சு சிறு புரதத் துண்டுகளின் கலவை. நரம்புச் செய்தியின் வெவ்வேறு வாயில்களை அவை தேர்ந்து தாக்குகின்றன. அதே குடும்பத்துக் கோனஸ் மேகஸின் நஞ்சிலிருந்து உருவான சிகோனோடைட் என்ற வலிமருந்துக்கு 2004-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. வியப்புக்குரிய திறமைதான், ஆனால் அது குடும்பச் சொத்து, குளோரியாமாரிஸுக்கு மட்டும் உரியதல்ல.

பட்டம் தகாது என்பதே என் தீர்ப்பு. அரிது என்பது அறியாமையின் பிழை. அழகுக்குப் பங்காளிகள் உண்டு. நஞ்சு குடும்பம் முழுவதற்கும் பொது. ஆனால் 1969-க்குப் பின் சந்தை காட்டிய அலட்சியமும் நியாயமல்ல. ஏறியபோதும் இறங்கியபோதும் சங்கு மாறவில்லை. இரு விலைகளுமே அதை எடை போடவில்லை. இனி ஒருவர் வாங்குவதானால், பளபளப்பைக் காட்டிலும் எந்தக் கடல், எவ்வளவு ஆழம் என்ற சீட்டு கூடவே இருக்கிறதா என்று பார்க்கட்டும். சீட்டுள்ள சுமாரான சங்கு அறிவியலுக்கு உதவும்; சீட்டில்லாத மகிமை அலமாரிக்கு மட்டுமே.